ஓட்டத்தில் வளரும் திசு: மதுரைக் கருத்தரங்கின் தலைமை உரை



1994-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில், கருவிழியில் புண்ணோடு 434 பேர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். டாக்டர் எம். சீனிவாசனும் உடன் பணியாற்றியவர்களும் அவர்களை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விவசாய வேலை செய்பவர்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் புண் வருவதற்கு முன்பே கண்ணில் ஏதோ பட்டுக் காயமாகியிருந்தது. கதிரடிக்கும்போது தெறிக்கும் உமி, தோகையின் கீறல், காற்றில் வரும் மண் என்று வயற்காட்டில் கண்ணுக்கு ஆபத்து பல வழிகளில் வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த இன்னொரு கட்டுரை, மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்துக்குக் கிடைத்த கணக்கைப் போல இது பத்து மடங்கு.

ஆய்வகத்தில் திசு வளர்ப்பது பற்றிய ஒரு கருத்தரங்கை மதுரையில் நடத்துவதற்கு இந்தக் கணக்கே போதிய காரணம். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். தழும்பு நின்றால் பார்வை மறையும். மாற்றுவதற்குத் தானமாக வரும் கருவிழிகளோ தேவையைவிட எப்போதும் குறைவு. சுண்ணாம்போ அமிலமோ கண்ணில் பட்டவர்களின் நிலைமை இன்னும் மோசம். கருவிழியின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் ஸ்டெம் செல்களே அவர்களுக்கு அழிந்துபோவதால், புதிய கருவிழி வைத்துத் தைத்தாலும் அதன் மேற்பரப்பு நிலைப்பதில்லை. வளர்த்த திசுவை வைத்தாக வேண்டிய நோயாளிகள் இவர்கள்.

எந்தத் திசுவை எதில் வளர்ப்பது? இன்றைய அமர்வுகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

உயிருள்ள செல்லுக்கு ஆக்சிஜன் இடைவிடாமல் கிடைக்க வேண்டும். இரத்த நாளத்திலிருந்து அது தானாகக் கசிந்து பரவும் தொலைவு, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரைதான். டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் தந்துகிகளை ஆராய்ந்து 1920-இல் நோபல் பரிசு பெற்ற காலத்திலிருந்தே இந்தக் கணக்கு தெரியும். கண்ணாடித் தட்டில் அசையாத ஊட்டநீரில் வளரும் திசு இந்த எல்லையைத் தாண்டித் தடித்தால் அதன் நடுப்பகுதி மூச்சுத் திணறுகிறது. வெளிப்புறம் செழிப்பாகத்தான் தெரியும். குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே செத்த செல்கள் கிடக்கும். பயோரியாக்டர் என்ற வளர்ப்புக் கலன் பிறந்தது இந்தக் கன எல்லையைக் கடப்பதற்காகத்தான். வெப்பத்தை 37 டிகிரியிலும் கார்பன் டை ஆக்சைடை 5 சதவீதத்திலும் வைத்திருப்பதைச் சாதாரண வளர்ப்புப் பெட்டியே செய்துவிடும். பயோரியாக்டர் அதற்கு மேல் ஊட்டநீரைத் திசுவின் ஊடே ஓட வைக்கிறது. கழிவை வெளியே கொண்டுபோகிறது. உடலுக்குள் அந்தத் திசு தாங்கும் அழுத்தத்தையும் இழுப்பையும் துடிப்பையும் வெளியிலும் கொடுக்கிறது.

இந்த எண்ணம் புதிதன்று. அறுவை மருத்துவர் அலெக்ஸி கேரலும், அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்கும் சேர்ந்து 1935-இல் கண்ணாடியால் ஒரு பம்பு செய்தார்கள். விலங்கின் தைராய்டு சுரப்பியைக் கிருமி அண்டாமல் அதற்குள் வைத்து, ஊட்டநீர் ஓட்டி, நாட்கணக்கில் உயிரோடு காத்தார்கள். மருத்துவரும் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இந்தத் துறை நகரும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

கருவிழிக்கு வருவோம். அதில் இரத்த நாளம் கிடையாது. காற்றிலிருந்தும் கண்ணுக்குள் இருக்கும் நீரிலிருந்தும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. மொத்தக் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். மேலே உள்ள எபிதீலியப் படலமோ அதில் பத்தில் ஒரு பங்கு. நாளமில்லாத இந்தத் தன்மையையே ஒரு சோதனைக் களமாக மாற்றியவர் மதுரையின் அறிவியல் வரலாற்றில் பெரிய பெயரான வி.ஆர். முத்துக்கருப்பன். அவரும் ராபர்ட் அவர்பாக்கும் 1979-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, சுண்டெலியின் கருவிழியில் புது இரத்த நாளம் முளைப்பதைக் கண்டு அளக்கும் முறையை விளக்கியது. தெளிந்த கருவிழியில் ஒரு நாளம் எட்டிப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கனமான திசுவை வளர்க்க முயலும் எவருக்கும், நாளங்களை அதற்குள் எப்படி வரவழைப்பது என்பதுதான் இன்றும் தீராத சிக்கல். அந்தச் சிக்கலை அளப்பதற்கான கருவி ஒன்றை வகுத்தவர் நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் நோயெதிர்ப்பியல் ஆசிரியர் என்பதை இங்குள்ள மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பிற்காலத்தில் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் அவர் வழிகாட்ட, கருவிழி ஓரத்தின் ஸ்டெம் செல்களை அடையாளம் காணும் முறை ஒன்று 2005-இல் வெளிவந்தது. பி63 என்னும் புரதம் மிகுதியாக இருக்க வேண்டும். கூடவே செல்லின் உடலோடு ஒப்பிட அதன் உட்கரு பெரிதாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்த சிறு கூட்டம்தான் ஸ்டெம் செல் என்று கொள்ளத் தக்கது. இதே அளவுகோலை வைத்து, கன்னத்தின் உட்புறத் தோலிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து வளர்த்து, கண் மேற்பரப்பைச் சீரமைக்கும் முறையை அதே குழு 2011-இல் வெளியிட்டது. இரண்டு கண்ணும் வெந்துபோனவருக்கு ஸ்டெம் செல் எடுப்பதற்கு நல்ல கண் ஏது? அவருக்குக் கன்னம் கை கொடுக்கிறது.

இந்தப் பணிகளுக்கு விலையுயர்ந்த பயோரியாக்டர் தேவைப்படவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். படலம் மெல்லியது. தட்டில் பனிக்குடப் படலத்தை விரித்து அதன்மேல் செல்களைப் பரப்பினால் போதும். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் வீரேந்தர் சாங்வானும் குழுவினரும் 2012-இல் இன்னும் ஒரு படி போனார்கள். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சிறு துண்டை எடுத்து, அதைப் பல சிறு துணுக்குகளாக்கி, பாதித்த கண்மேல் விரித்த பனிக்குடப் படலத்தில் ஒட்டினார்கள். ஆய்வகமே இல்லை. செல்கள் நோயாளியின் கண்ணிலேயே பெருகிப் பரவின. செலவு குறைந்தது, சிறிய ஊர் மருத்துவமனையிலும் செய்ய முடிந்தது. உடலே வளர்த்துக்கொள்ளும் திசுவுக்கு ஒரு கலனைச் செய்து விற்பது அறிவியல் ஆகாது. ஆய்வுநிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் இளைஞர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் கலன் எங்கே தவிர்க்க முடியாதது? மதுரையிலேயே அதற்கு விடை இருக்கிறது.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, கருவிழி ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற வலைத்திசு வழியாக வடிகிறது. கண்மாய்க்கு வரத்தும் கலுங்கும் எப்படியோ அப்படித்தான் இந்தக் கணக்கும்: வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் பார்வை நரம்பைக் கொல்லும். குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோயில் பெரும்பாலும் நடப்பது இதுவே. இந்த வலைத்திசுவின் செல்களைத் தட்டில் தனியே வளர்த்துப் பார்ப்பதால் பாதிதான் தெரியும். நீர் ஓடாத இடத்தில் வடிகாலின் குணத்தை எப்படி அறிவது?

வலைத்திசுவை நீரோட்டத்திலேயே வைத்து வளர்க்க டக்ளஸ் ஜான்சன் 1980-களில் உருவாக்கிய முறையை ஒட்டி, அரவிந்த் ஆய்வகத்தில் டாக்டர் எஸ். செந்தில்குமாரியின் குழு தானக் கண்களைக் கொண்டு இந்த ஓட்ட வளர்ப்பைச் செய்கிறது. கருவிழி மாற்றுக்குப் பயன்படாத தானக் கண்ணை நடுக்கோட்டில் இரண்டாக வெட்டுகிறார்கள். கண்ணாடிக்கூழ், லென்ஸ், ஐரிஸ் ஆகியவற்றை அகற்றுகிறார்கள். கருவிழியும் அதைச் சுற்றிய வெண்விழி விளிம்பும் வலைத்திசுவும் மிஞ்சுகின்றன. கிண்ணம் போன்ற அந்த முன்பாதியை, அடியில் இரண்டு துளைகள் உள்ள தட்டின்மேல் கவிழ்த்து, விளிம்பில் வளையம் வைத்துத் திருகாணியால் கசிவில்லாமல் இறுக்குகிறார்கள். ஒரு துளை வழியாக நுண்பம்பு நிமிடத்துக்கு 2.5 மைக்ரோலிட்டர் ஊட்டநீரைச் செலுத்துகிறது. உயிருள்ள மனிதக் கண் சுரப்பதும் ஏறத்தாழ இதே அளவுதான். ஒரு நாள் முழுவதும் சேர்த்தால் 3.6 மில்லிலிட்டர். இன்னொரு துளை அழுத்தமானியோடு இணைந்திருக்கிறது. உள்ளே போன நீர் வெளியேற வலைத்திசுவைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே அழுத்தமானி காட்டும் எண்தான் அந்தத் திசுவின் நலம்.

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிச் சொட்டுவிட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்து சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும். சிலருக்கு ஒன்றும் செய்யாது. ஏன் என்பது பழைய கேள்வி. 2021-இல் ‘சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த மதுரைக் கட்டுரை அதைத் தானக் கண்களிலேயே சோதித்தது. ஏழு நாள் டெக்ஸாமெத்தசோன் ஓடியபின், 35 கண்களுள் 16-இல் அழுத்தம் தெளிவாக ஏறியது, மற்றவற்றில் மாற்றமில்லை. அலர்ஜிக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு விட்டுக்கொள்ளும் கிராமத்துச் சிறுவர்களை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும். எலியில் கிடைக்காத பதில் இது. மனிதத் திசுவில், ஓட்டத்தில், அழுத்தத்தோடு கிடைத்த பதில்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு மதுரைப் பணி உண்டு. டாக்டர் கௌரி பிரியா சிதம்பரநாதனின் குழு, இந்த வலைத்திசுவிலேயே ஸ்டெம் செல்கள் இருப்பதை இனங்கண்டு, வயது கூடக்கூட அவை குறைவதை 2019-இல் வெளியிட்டது. குறைந்த செல்களை வெளியே பெருக்கித் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டால், சேர்த்த செல் வேலை செய்கிறதா என்பதைக் காட்ட ஓடும் நீரும் அழுத்தமானியும் வேண்டும். ஆக, அடுத்த பத்தாண்டுக்கான கேள்வியும் அதைச் சோதிக்கும் கலனும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன.

தானக் கண்ணை எதிர்பார்த்தே ஆய்வை நடத்த முடியாது என்பதும் உண்மை. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஓர் ஆய்வுக் குழு, நுண்துளைகள் கொண்ட பாலிமர்ச் சாரத்தின்மேல் வலைத்திசு செல்களை வளர்த்து, நீரோட்டத்துக்கு அது காட்டும் தடையை அளந்து 2013-இல் வெளியிட்டது. சாரம், செல், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அப்படியொரு செயற்கை வடிகாலை நம் மக்களின் செல்களைக் கொண்டு இங்கே அமைக்கலாம்.

கண்ணை விட்டு வெளியே போனால் கலனின் வேலை இன்னும் கடுமையாகிறது. லாரா நிக்லாசனும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல், கரையக்கூடிய இழைக் குழாயில் தசைச் செல்களை விதைத்து, அதை நிமிடத்துக்கு 165 முறை துடிக்கும் ஓட்டத்தில் எட்டு வாரம் வளர்த்து இரத்த நாளமாக்கினார்கள். கருவில் இருக்கும் சிசுவின் இதயம் துடிக்கும் வேகம் அது. துடிப்பில்லாமல் வளர்ந்த குழாய்கள் வலுவில்லாமல் போயின. அந்த வழியில் தொடர்ந்த உழைப்பின் பயனாக, விபத்திலும் போரிலும் நாளம் அறுந்தவர்களுக்கு வைக்கக்கூடிய வளர்ப்பு நாளத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதி அளித்தது. இடையில் கால் நூற்றாண்டு. இந்தத் துறையில் நிதி தருவோருக்கும் பொறுமை வேண்டும்.

விசை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை விண்வெளியே காட்டியது. தரையில் சுழலும் கலனில் மூன்று மாதம் வளர்ந்த குருத்தெலும்புத் துண்டுகள் ‘மிர்’ விண்வெளி நிலையத்துக்கு 1996-இல் போயின. அங்கே இன்னும் நான்கு மாதம் வளர்ந்தன. திரும்பி வந்தபோது செல்கள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் தரையிலேயே வளர்ந்தவற்றைவிட அவை உருண்டையாகவும் வலுக்குறைந்தும் இருந்தன. எடையைச் சுமந்து பழகாத குருத்தெலும்பு மூட்டுக்கு உதவாது. பேராசிரியர் விருஷா மாதுரியின் வழிகாட்டலில், எலும்பு வளர் தட்டில் அடிபட்ட குழந்தைகளுக்கு அவர்களின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களையே வளர்த்து வைத்த அனுபவம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு உண்டு. அங்கிருந்து வந்திருக்கும் நண்பர்களோடு எலும்பு மருத்துவர்களும் இயந்திரப் பொறியாளர்களும் இன்று மாலைக்குள் ஒரு முறையாவது தனியே உட்கார்ந்து பேச வேண்டும்.

மூச்சுக்குழாய் விவகாரத்தையும் மறைக்காமல் பேசியாக வேண்டும். பயோரியாக்டரில் செல் ஏற்றிய மூச்சுக்குழாயை 2008-இல் பார்சிலோனாவில் பொருத்தி உலகப் புகழ் பெற்றார் பாவ்லோ மக்கியாரினி. பிறகு ஸ்வீடனில் செயற்கைப் பிளாஸ்டிக் குழாய்களைப் பொருத்தினார். அந்த நோயாளிகள் மாண்டார்கள். ஸ்டாக்ஹோம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. விலங்குகளில் செய்திருக்க வேண்டிய சோதனையை மனிதரில் செய்தது கொடுமை. பத்திரிகைகளின் பாராட்டும் நிறுவனத்தின் பெருமையும் கேள்வி கேட்டவர்களை வாயடைக்க வைத்தது அதைவிடக் கொடுமை. ‘ஸ்டெம் செல்’ என்று பலகை எழுதி வைத்துப் பணம் பறிக்கும் சிகிச்சைகள் இந்தியாவிலும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே இருக்கின்றன. அவற்றைப் படிக்காமல் இந்தத் துறையில் கால் வைக்கும் மருத்துவருக்கு மன்னிப்பு இல்லை.

செலவைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் மருத்துவம் பேச முடியாது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்க முடியாது என்று கண்டபோது, 1992-இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் பிறந்தது. லென்ஸ் மதுரையிலேயே தயாரானது. விலை பத்தில் ஒரு பங்காக இறங்கியது. பல நாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆனது. ஒரு பம்பு, ஒரு தட்டு, ஓர் அழுத்தமானி, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி என்று பிரித்துப் பார்த்தால் பயோரியாக்டரில் இந்த ஊர்ப் பட்டறைகளால் செய்ய முடியாத பாகம் அதிகமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் இக்ரம் கான், அனில் பிரபாகர் ஆகியோர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யோடு சேர்ந்து 2021-இல் அதைச் செய்தே காட்டினார்கள். பல் மருத்துவத்தில் பயன்படும் பிசினை முப்பரிமாண அச்சில் வார்த்து, ஊட்டநீர் ஓடிக்கொண்டே இருக்கும் சிறு கலன் ஒன்றை உருவாக்கி, அதில் மனித மூளைத் திசுவின் நுண்வடிவத்தை வளர்த்தார்கள். ஓட்டம் இருந்ததால் நடுப்பகுதியில் செத்த செல்கள் குறைந்தன. கழுவி, கிருமி நீக்கி மறுபடியும் பயன்படுத்தலாம். தஞ்சை சாஸ்த்ராவில் சுவாமிநாதன் சேதுராமனின் குழு, நரம்புக்கும் தோலுக்கும் இழைச் சாரங்களைப் பல ஆண்டுகளாக நெய்து வருகிறது. சாரம் தஞ்சையில், கலன் சென்னையில், செல்லும் நோயாளியும் மதுரையில் என்று தனித்தனியாக இருந்தால் எதுவும் நோயாளியின் கட்டிலுக்குப் போய்ச் சேராது.

சட்டமும் இப்போது துணைக்கு வந்திருக்கிறது. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளில் 2023 மார்ச்சில் செய்த திருத்தம், விலங்குச் சோதனைக்கு மாற்றாக முப்பரிமாணத் திசு மாதிரிகளையும் உறுப்புச் சில்லுகளையும் ஏற்க வழி திறந்தது. மருந்து நிறுவனங்கள் நம்பகமான மனிதத் திசு மாதிரிகளைத் தேடி வரப்போகின்றன. ஒரே முறையில், ஒரே அளவில், யார் செய்தாலும் ஒரே விடை தரும் கலன் வைத்திருப்பவரிடம்தான் வருவார்கள்.

ஆகவே கட்டுரை படிக்க வந்திருப்போரிடம் இந்த அவையின் சார்பில் ஒரு வேண்டுகோள். திசு வளர்ந்தது என்று படம் காட்டினால் போதாது. ஊட்டநீர் எந்த வேகத்தில் ஓடியது, திசுவின் நடுவில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது, எத்தனை நாளில் எத்தனை கலன்கள் கிருமி பாய்ந்து கெட்டன என்பதையும் சொல்லுங்கள். கெட்டுப்போன கலன்களின் கணக்குதான் அடுத்தவரின் ஓராண்டு உழைப்பை மிச்சப்படுத்தும்.

பொதுமக்கள் வரிசையில் அமர்ந்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். இங்கே பேசப்படும் ஆய்வில் பெரும்பங்கு, யாரோ ஒரு குடும்பம் துக்க வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்துத் தந்த கண்களால் நடந்தது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். கண் வங்கியினர் வரும்வரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வையுங்கள். கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும், முதியவரும் தானம் தரலாம். மாற்றுக்குப் பயன்படாவிட்டால் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒப்புதலையும் அப்போதே எழுதிக் கொடுங்கள்.

முதல் அமர்வு தொடங்கலாம்.